'டிஸ்கஸ் அபவுட்' தவறு, 'டிஸ்கஷன் அபவுட்' சரி: வினையோடு பிரிபொசிஷன் சேரும் இடத்தில் வரும் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குவது

ஆங்கில வாக்கியத்தில் காலம் சரியாக இருக்கும், ஒருமை பன்மையும் பொருந்தும். ஆனாலும் படிப்பவருக்கு எங்கோ இடறும். வினைச்சொல்லுக்கு அடுத்து நிற்கும் குட்டிச் சொல்லை முதலில் பாருங்கள். ஃபார், டு, ஆன், வித், அட், ஆஃப் என்று நொடியில் சொல்லி முடிக்கிற இவற்றில் ஒன்று தேவையில்லாமல் நுழைந்திருக்கும், அல்லது விட்டுப்போயிருக்கும், அல்லது ஒன்றின் இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கும்.

நீளமான பட்டியலை உருப்போடுவதால் இது தீராது. பட்டியலில் இல்லாத வினை நாளைக்கே வந்து நிற்கும். தமிழ் பேசுகிறவர்கள் செய்யும் பிழைகளுக்கு ஒரு தடம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போவது சுலபம். தமிழில் வினை தனக்கு வேண்டிய வேற்றுமை உருபைப் பெயரின் வாலில் ஒட்டவைக்கிறது: பாட்டைக் கேள், எனக்காகக் காத்திரு, அவரிடம் சொல், அவளோடு பேசு. ஆங்கிலத்தில் அதே வேலையைப் பெயருக்கு முன்னால் வரும் பிரிபொசிஷன் செய்கிறது. எது வரவேண்டும் என்பதை அங்கேயும் வினைதான் தீர்மானிக்கிறது. ஆனால் ஆங்கில வினை கேட்பதும் தமிழ் வினை கேட்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கை மட்டும் பழக்கதோஷத்தில் தமிழ் உருபை மொழிபெயர்த்து வைத்துவிடுகிறது.

எனவே முதல் வேலை: சந்தேகம் வந்த வினையையும் அடுத்துள்ள பெயரையும் மட்டும் தனியே எழுதுங்கள். அதன் கீழே அதே கருத்தைத் தமிழில் எழுதி, பெயரின் வாலில் இருப்பது ஐ-யா, கு-வா, ஓடு-வா, 'பற்றி'யா, 'மேல்' என்பதா என்று கோடிடுங்கள். பிறகு கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

அறிகுறி: தேவையில்லாத பிரிபொசிஷன் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது

'வி டிஸ்கஸ்ட் அபவுட் தி பிராப்ளம்.' 'ஹீ என்டர்ட் இன்டு தி ரூம்.' 'வி ரீச்ட் டு தி ஸ்டேஷன்.' 'ஷி மேரீட் வித் எ டாக்டர்.' நான்கிலும் நடுவில் உள்ள சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்.

காரணம் இரண்டு. ஒன்று தமிழ்: பிரச்சினையைப் பற்றி, அறைக்குள், ஸ்டேஷனுக்கு, டாக்டரோடு. இரண்டாவது காரணத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அது ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த வினைகளுக்கு இணையான பெயர்ச்சொற்கள் பிரிபொசிஷன் கேட்கும். 'எ டிஸ்கஷன் அபவுட் தி பிராப்ளம்', 'என்ட்ரி இன்டு தி ரூம்' இரண்டும் சரி. பெயரோடு கேட்டுப் பழகிய சொல்லை வினையோடும் சேர்த்துவிடுகிறோம்.

பெயருக்கும் வினைக்கும் ஒரே வடிவம் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். 'ரிக்வெஸ்ட்', 'லேக்', 'ஆர்டர்', 'டிமாண்ட்', 'கான்டாக்ட்', 'அட்டாக்', 'விசிட்', 'ஆன்ஸர்' எல்லாம் இந்த ரகம். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தவறு. 'ஹிஸ் லேக் ஆஃப் கான்ஃபிடன்ஸ்' சரி, 'ஹீ லேக்ஸ் ஆஃப் கான்ஃபிடன்ஸ்' தவறு. வடிவம் சற்று மாறினாலும் இதே கதைதான்: 'எம்ஃபஸிஸ் ஆன் குவாலிட்டி' சரி, 'வி எம்ஃபஸைஸ் ஆன் குவாலிட்டி' தவறு.

சோதித்துப் பார்க்க எளிய வழி: சந்தேகச் சொல்லுக்கு முன்னால் 'எ', 'தி', 'மை', 'ஹிஸ்' போல ஒன்று நின்றால் அது பெயர், பிரிபொசிஷன் இருக்கட்டும். 'ஐ', 'வி', 'ஹீ' போல செயலைச் செய்கிறவர் நேராக முன்னால் நின்றால் அது வினை, பிரிபொசிஷனை எடுத்துவிடுங்கள்.

எடுத்தபின் வாக்கியம் மொட்டையாகத் தெரிகிறதா? அப்படியானால் வினையையே மாற்றுங்கள். இந்த வினைகள் பலவற்றுக்கும் பேச்சு வழக்கில் பிரிபொசிஷனோடு வரும் ஒரு ஜோடி உண்டு. 'டிஸ்கஸ்' என்றால் 'டாக் அபவுட்', 'என்டர்' என்றால் 'கோ இன்டு', 'ரிக்வெஸ்ட்' என்றால் 'ஆஸ்க் ஃபார்', 'அவெயிட்' என்றால் 'வெயிட் ஃபார்', 'ரீச்' என்றால் 'கெட் டு', 'ரிஸெம்பிள்' என்றால் 'லுக் லைக்'. இடப்பக்கத்து வினை பிரிபொசிஷனை ஏற்கெனவே விழுங்கி வயிற்றுக்குள் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவது 'பற்றிப் பற்றி' என்று எழுதுவதற்குச் சமம்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நீக்கிவிடவும் கூடாது. அறைக்குள் நுழைய 'இன்டு' வேண்டாம், ஒப்பந்தத்துக்குள் நுழைய வேண்டும்: 'தே என்டர்ட் இன்டு அன் அக்ரிமென்ட்'. 'அட்டெண்ட் தி மீட்டிங்' என்றால் கூட்டத்துக்குப் போவது, 'அட்டெண்ட் டு தி கம்ப்ளெயின்ட்' என்றால் புகாரைக் கவனித்து ஆவன செய்வது. 'ஆன்ஸர் தி மேனேஜர்' என்றால் மேனேஜருக்குப் பதில் சொல்வது, 'ஆன்ஸர் டு தி மேனேஜர்' என்றால் அவருக்குக் கீழே இருந்து கணக்கு ஒப்பிப்பது.

'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' உபரி. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' உபரி. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை, வெட்டிவிடலாம்.

அறிகுறி: இருக்கவேண்டியது விட்டுப்போயிருக்கிறது

'லிசன் மீ', 'வெயிட் மீ', 'ஹீ நாக்ட் தி டோர்', 'ப்ளீஸ் ரிப்ளை மை மெயில்', 'ஐ அபாலஜைஸ்ட் ஹிம்'.

தமிழில் இவற்றில் சில 'ஐ' உருபில் முடியும்: என் பேச்சைக் கேள், கதவைத் தட்டினான். 'ஐ' உருபுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை என்று பழகியிருப்பதால் ஒன்றும் போடாமல் விடுகிறோம். சரியானவை: 'லிசன் டு மீ', 'வெயிட் ஃபார் மீ', 'நாக்ட் ஆன் தி டோர்', 'ரிப்ளை டு மை மெயில்', 'அபாலஜைஸ்ட் டு ஹிம்'. 'நாக்ட் தி டோர்' என்று நிறுத்தினால், இடித்துத் தள்ளினான் என்று சொல்லவந்து பாதியில் விட்டதுபோல் ஒலிக்கும்.

'லிசன்', 'வெயிட்', 'ரிப்ளை', 'அபாலஜைஸ்' எல்லாம் பெயர் எதுவும் இல்லாமல் தனியே நிற்கக்கூடியவை. 'ப்ளீஸ் வெயிட்' என்பது முழு வாக்கியம். இப்படித் தானே முழுமையாக நிற்கும் வினைக்குப் பின்னால் ஒரு ஆளையோ பொருளையோ சேர்க்க நினைத்தால், நடுவில் பாலம் தேவைப்படுமோ என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இது சந்தேகத்தைக் கிளப்பும் குறி, அவ்வளவுதான். 'ஈட்' என்பதும் தனியே நிற்கும், ஆனால் பாலம் கேட்காது. மறுபக்கம், பெயர் இல்லாதபோது பாலத்தை மட்டும் விட்டுவைப்பதும் பிழை: 'ப்ளீஸ் லிசன் டு' என்று முடிக்க முடியாது.

'வெயிட்'டில் ஒரு சிறு பொறி. 'வெயிட் ஃபார் டூ அவர்ஸ்' என்பதில் உள்ள 'ஃபார்' எவ்வளவு நேரம் என்பதைச் சொல்கிறது. இரண்டு மணி நேரத்தை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆளும் நேரமும் சேர்ந்து வந்தால் 'ஐ வெயிட்டட் டூ அவர்ஸ் ஃபார் ஹிம்' என்று நேரத்தின் 'ஃபார்'-ஐ விட்டுவிடலாம், ஆளின் 'ஃபார்'-ஐ விடமுடியாது.

'பே' இதைவிடச் சிக்கல். தமிழில் எல்லாவற்றுக்கும் பணம் கட்டினேன், பணம் கொடுத்தேன் என்று போய்விடும். ஆங்கிலத்தில் பணம் யார் கைக்குப் போகிறதோ அவரை நேராகச் சொல்லலாம்: 'பே தி டிரைவர்'. கட்டவேண்டிய கணக்கையும் நேராகச் சொல்லலாம்: 'பே தி பில்', 'பே தி ரென்ட்', 'பே தி ஃபீஸ்'. பணத்துக்குப் பதிலாக நாம் பெறும் பொருளுக்கு மட்டும் 'ஃபார்' வேண்டும்: 'பே ஃபார் தி புக்', 'பே ஃபார் தி டிக்கெட்'. 'ஐ பெய்ட் தி புக்' என்றால் புத்தகத்தின் கையில் பணத்தைக் கொடுத்ததாகிவிடும்.

அறிகுறி: 'எக்ஸ்ப்ளெயின் மீ', 'சஜெஸ்ட் மீ', 'ஸே மீ'

இதைத் தனியாக எடுப்பதற்குக் காரணம், 'கிவ் மீ', 'டெல் மீ', 'ஷோ மீ', 'ஸெண்ட் மீ' எல்லாம் சரி என்பதுதான். தமிழில் எனக்குக் கொடு, எனக்குக் காட்டு, எனக்கு விளக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'கு'. ஆங்கிலத்தில் இவை இரண்டு கூட்டம்.

முதல் கூட்டம் ஆளையும் பொருளையும் பாலம் இல்லாமல் அடுத்தடுத்து வைக்க அனுமதிக்கும்: 'கிவ் மீ தி ரிப்போர்ட்'. இரண்டாம் கூட்டம் அனுமதிக்காது. 'எக்ஸ்ப்ளெயின்', 'டிஸ்க்ரைப்', 'சஜெஸ்ட்', 'மென்ஷன்', 'ரிப்போர்ட்', 'அனௌன்ஸ்', 'இன்ட்ரட்யூஸ்', 'கன்ஃபெஸ்', 'டெமன்ஸ்ட்ரேட்', 'ஸே' ஆகியவை இதில் அடங்கும். இங்கே பொருள் முதலில் வரும், ஆள் 'டு'-வோடு பின்னால் வருவார்: 'எக்ஸ்ப்ளெயின் தி ரூல் டு மீ'. பொருள் நீண்டுபோனால் ஆளை முன்னால் கொண்டுவரலாம், ஆனால் 'டு' கூடவே வரவேண்டும்: 'எக்ஸ்ப்ளெயின் டு மீ ஹவ் திஸ் வொர்க்ஸ்'.

எந்த வினை எந்தக் கூட்டம் என்பதைக் காது ஓரளவு சொல்லிவிடும். 'கிவ்', 'டெல்', 'ஷோ', 'லெண்ட்' போன்ற ஒற்றை அசை வினைகள் பெரும்பாலும் முதல் கூட்டம். லத்தீன் வழியாக வந்த நீளமான வினைகள் பெரும்பாலும் இரண்டாம் கூட்டம். மீறுபவை உண்டு: 'ஸே' குட்டிச் சொல், ஆனாலும் இரண்டாம் கூட்டம். 'ஆஃபர்', 'ப்ராமிஸ்' இரண்டும் நீளம், ஆனாலும் முதல் கூட்டம்.

'டெல் டு மீ' என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் நடக்கும். 'ஸே'-க்கு 'டு' வேண்டும், 'டெல்'-லுக்கு வேண்டாம். அவ்வளவே.

அறிகுறி: 'டு' சரியாக இருக்கிறது, அதற்கடுத்த வினை உதைக்கிறது

அலுவலக மெயில்களின் கடைசி வரி இது: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ.' 'டு' வந்துவிட்டது, பிறகு வெறும் வினைதானே வரவேண்டும் என்று கை முடிவு செய்துவிடுகிறது. வரவேண்டியது 'டு மீட்டிங் யூ'.

ஆங்கிலத்தில் 'டு' இரண்டு. ஒன்று வினையின் தலையில் ஒட்டும் 'டு': 'வான்ட் டு மீட்', 'ஹோப் டு மீட்', 'டிசைட் டு கோ'. தமிழில் சந்திக்க, போக என்று முடிவதற்கு ஏறக்குறைய இணை. இன்னொன்று பிரிபொசிஷன் 'டு'. அது 'ஃபார்', 'வித்' ஆகியவற்றின் உடன்பிறப்பு, அதன் பின்னால் பெயர்தான் வரலாம். வினையைக் கொண்டுவர வேண்டுமானால் 'இங்' சேர்த்துப் பெயராக்கிக்கொண்டுதான் வரவேண்டும். தமிழில் சந்திப்பதை, சந்திப்பதற்கு என்று தொழிற்பெயராக்கி உருபு ஒட்டுகிறோமே, அதே காரியம்.

எந்த 'டு' என்று கண்டுபிடிக்க, வினையை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' காதுக்குச் சரி, ஆகவே 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு இட்' உளறல், ஆகவே வெறும் வினை. இதே சோதனையில் 'இங்' கேட்பவை: 'அப்ஜெக்ட் டு', 'ரிஸார்ட் டு', 'கன்ஃபெஸ் டு', 'அட்ஜஸ்ட் டு', 'கெட் யூஸ்ட் டு', 'பீ கமிட்டட் டு'.

'யூஸ்ட் டு' இந்தச் சோதனையில் நன்றாகவே பிளந்துகொள்ளும். 'ஐ யூஸ்ட் டு லிவ் அலோன்' என்றால் முன்பு தனியாக இருந்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் அலோன்' என்றால் தனியாக இருந்து பழகிவிட்டது. நடுவில் 'ஆம்' வந்தால் 'இங்' வரும். 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவ்' என்று கலந்து எழுதினால் படிப்பவர் இரண்டில் எது என்று தெரியாமல் நிற்பார்.

அறிகுறி: வினை வாக்கியக் கடைசிக்குப் போனதும் பிரிபொசிஷன் காணாமல் போகிறது

'வெயிட் ஃபார் தி பஸ்' என்று சரியாக எழுதுகிறவரே 'தி பஸ் ஐ வாஸ் வெயிட்டிங்' என்று எழுதிவிடுவார். கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது, தமிழ்ப் பெயரெச்சத்தின் வேலை இது. நாற்காலியில் உட்கார்ந்தேன், பேனாவால் எழுதினேன், பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன் என்பவற்றைத் திருப்பிப் போடுங்கள்: நான் உட்கார்ந்த நாற்காலி, எழுதிய பேனா, காத்திருந்த பஸ். இல், ஆல், காக மூன்றும் போன இடம் தெரியவில்லை. தமிழில் பெயரெச்சம் உருபைத் தின்றுவிடும், நமக்கும் உறுத்தாது. ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் உயிரோடு இருந்தாக வேண்டும்: 'தி சேர் ஐ ஸாட் ஆன்', 'தி பென் ஐ ரோட் வித்', 'தி பஸ் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார்'.

சரிபார்க்க, பெயரைத் திரும்ப வினைக்குப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். 'ஐ ஸாட் தி சேர்' என்று வருகிறதா? 'ஆன்' இல்லாமல் நிற்காது. அப்படியானால் பெயர் முன்னால் போனாலும் 'ஆன்' வினையோடு இருக்கவேண்டும். இதே கோளாறு கேள்வியிலும் வரும் (சரியான வடிவம்: 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?'), செயப்பாட்டு வினையிலும் வரும் ('தி மேட்டர் இஸ் பீயிங் லுக்ட் இன்டு'), 'டு' வரும் தொடர்களிலும் வரும் ('நத்திங் டு வொரி அபவுட்').

பிரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே என்றால், அது பழைய மூடநம்பிக்கை. 1672-ல் கவிஞர் ஜான் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகச் சுட்டினார். பிறகு தன் பழைய உரைநடையிலேயே இப்படி முடிந்த வாக்கியங்களைத் திருத்தினார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. மிகவும் முறையான எழுத்தில் 'தி சேர் ஆன் விச் ஐ ஸாட்' என்று முன்னால் கொண்டுவருவது அழகாக இருக்கும். ஆனால் விதிக்குப் பயந்து பிரிபொசிஷனையே தூக்கிப்போடுவதுதான் உண்மையான பிழை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக 'தி சேர் ஆன் விச் ஐ ஸாட் ஆன்' என்று இரட்டிப்பதும் அப்படித்தான்.

அறிகுறி: பிரிபொசிஷனுக்கு அடுத்து 'தட்'

'ஹீ இன்ஸிஸ்டட் ஆன் தட் ஐ ஷுட் கம்.' பிரிபொசிஷனும் 'தட்' என்று தொடங்கும் கிளை வாக்கியமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராது. மூன்று வழி இருக்கிறது. பிரிபொசிஷனை விடலாம்: 'இன்ஸிஸ்டட் தட் ஐ கம்'. 'இங்' போடலாம்: 'இன்ஸிஸ்டட் ஆன் மை கமிங்'. வினை 'தட்'-டையே ஏற்காது என்றால் நடுவில் 'தி ஃபேக்ட்' செருகலாம்: 'ஐ அப்ஜெக்ட் டு தி ஃபேக்ட் தட்...'. கடைசி வழி கனமானது, வேறு வழி இல்லாதபோது மட்டும். 'வெதர்', 'ஹவ்', 'வாட்' என்று தொடங்குபவற்றுக்கு இந்தத் தடை இல்லை: 'இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் ஹீ கம்ஸ்'.

அறிகுறி: வாக்கியம் சுத்தம், அர்த்தம் வேறு

இலக்கணப் பிழை எதுவும் இருக்காது. சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று. பிழைதிருத்தும் மென்பொருள் பெரும்பாலும் வாய் திறக்காது. அதனால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

'தி போலீஸ் சர்ச்ட் தி பாய்' என்றால் பையனை நிறுத்திச் சட்டைப்பை வரை சோதனை போட்டார்கள். 'சர்ச்ட் ஃபார் தி பாய்' என்றால் காணாமல் போன பையனைத் தேடினார்கள். தமிழில் சாவியைத் தேடினேன், பையனைத் தேடினார்கள் என்று 'ஐ' வருவதால் 'ஃபார்' விட்டுப்போகிறது. நினைவில் வைக்கவேண்டியது: எந்த இடத்துக்குள் தேடுகிறோமோ அது நேராக வரும், எதைத் தேடுகிறோமோ அது 'ஃபார்'-க்குப் பின்னால் வரும். 'ஐ சர்ச்ட் தி ரூம் ஃபார் தி கீ.'

என்னைப் பார்த்துச் சிரித்தான் என்ற ஒரே தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். 'ஸ்மைல்ட் அட் மீ' நட்பு, 'லாஃப்ட் அட் மீ' கேலி. சேர்ந்து சிரித்தால் 'லாஃப்ட் வித் மீ'. பொதுவாகவே 'அட்' என்பது குறிவைப்பது, 'டு' என்பது கொண்டுபோய்ச் சேர்ப்பது. 'ஹீ த்ரூ தி கீஸ் டு மீ' என்றால் நான் பிடிப்பதற்காக வீசினான், 'அட் மீ' என்றால் என் மேல் படவேண்டும் என்று வீசினான். 'ஷவுட்டட் டு மீ' என்றால் தூரத்தில் இருந்ததால் சத்தமாகக் கூப்பிட்டார், 'ஷவுட்டட் அட் மீ' என்றால் திட்டினார்.

அடுத்தது 'அக்ரி'. ஒப்பந்தம், பேரம், கூட்டக் குறிப்பு என்று எங்கும் வரும் சொல். 'அக்ரி வித்' ஆளோடும் கருத்தோடும் ஒத்துப்போவது: நீங்கள் நினைப்பதையே நானும் நினைக்கிறேன். 'அக்ரி டு' பிறர் வைத்த திட்டத்துக்கோ நிபந்தனைக்கோ சம்மதிப்பது, மனசுக்குப் பிடிக்காமலும் சம்மதிக்கலாம். 'ஐ டோன்ட் அக்ரி வித் தி பிளான், பட் ஐ அக்ரீட் டு இட்' என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை: திட்டம் எனக்கு ஏற்புடையது அல்ல, ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். எதிர்த்தரப்பின் நிபந்தனைகளை ஏற்கிறோம் என்று எழுத நினைத்து 'வி அக்ரி வித் யுவர் டெர்ம்ஸ்' என்று அனுப்பினால், நிபந்தனைகள் நியாயம்தான் என்று அபிப்பிராயம் சொன்னதுபோல் படிக்க இடமிருக்கிறது. கட்டுப்படுகிறோம் என்று சொல்ல 'அக்ரி டு' வேண்டும். 'அக்ரி ஆன்' இரு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வருவது: 'தே அக்ரீட் ஆன் எ டேட்'. இதற்கு இரண்டு பேராவது வேண்டும். 'ஐ அக்ரீட் ஆன் எ டேட்' என்று தனியாக நின்றால் யாரோடு என்ற கேள்வி எழும், 'வித் தெம்' சேருங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று 'ஐ ஆம் அக்ரி'. எனக்குச் சம்மதம் என்பதில் வினையே இல்லை, அதை ஆங்கிலத்தில் நிரப்ப 'ஆம்' வந்து உட்காருகிறது. 'அக்ரி' தானே வினை, 'ஐ அக்ரி' போதும்.

அறிகுறி: 'இட்' எந்தப் பக்கம் என்று தெரியவில்லை

'லுக் அட் இட்' சரி, 'லுக் இட் அப்' சரி. 'லுக் இட் அட்', 'லுக் அப் இட்' இரண்டும் தவறு. 'அட்' பிரிபொசிஷன், பெயரை விட்டுப் பிரியாது. 'லுக் அப்' (அகராதியில் தேடுவது) என்பதில் 'அப்' வினையின் ஒரு துண்டு, 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற சொற்களைத் தனக்கும் வினைக்கும் நடுவில் உட்காரவைக்கும்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'லுக் அட்' என்பதில் அழுத்தம் 'லுக்' மேல் விழும், 'லுக் அப்' என்பதில் 'அப்' மேலும் விழும். 'ஹீ ரான் அப் எ ஹில்' என்பதும் 'ஹீ ரான் அப் எ பில்' என்பதும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மலை மேல் ஓடியதை 'ரான் அப் இட்' என்றும், கடனை ஏற்றிவிட்டதை 'ரான் இட் அப்' என்றும்தான் சொல்லமுடியும்.

அறிகுறி: ஆளும் பொருளும் சேர்ந்து வரும்போது இடம் மாறுகிறது

'ஹீ ராப்ட் மை ஃபோன்' என்று எழுதினால் கொள்ளையடிக்கப்பட்டது ஃபோன், அதாவது ஃபோனிடமிருந்து எதையோ பறித்தார்கள் என்றாகும். 'ராப்' பறிகொடுத்தவரைப் பிடிக்கும், 'ஸ்டீல்' பறிபோன பொருளைப் பிடிக்கும். 'ஹீ ராப்ட் மீ ஆஃப் மை ஃபோன்', 'ஹீ ஸ்டோல் மை ஃபோன் ஃப்ரம் மீ'.

குற்றம் சாட்டும் வினைகளும் இப்படித்தான் ஆளுக்கொரு கட்சி. 'அக்யூஸ்', 'சஸ்பெக்ட்', 'கன்விக்ட்' மூன்றும் 'ஆஃப்'. காவல்துறை முறைப்படி வழக்குப் போடும் 'சார்ஜ்' என்பதற்கு 'வித்'. 'பிளேம்' இரண்டு பக்கமும் திரும்பும்: 'பிளேம் ஹிம் ஃபார் தி டிலே', 'பிளேம் தி டிலே ஆன் ஹிம்'. 'ப்ரொவைட்' என்பதும் அப்படியே: 'ப்ரொவைட் தெம் வித் புக்ஸ்', 'ப்ரொவைட் புக்ஸ் டு தெம்'. 'ப்ரொவைட் தெம் புக்ஸ்' என்று அமெரிக்கர்கள் எழுதுவதைப் பார்க்கலாம், மற்ற இடங்களில் 'வித்' சேர்ப்பதே பாதுகாப்பு.

ஆளுக்கு ஒன்று, விஷயத்துக்கு ஒன்று என்று இரட்டைப் பிரிபொசிஷன் கேட்பவையும் உண்டு: 'அபாலஜைஸ் டு ஹிம் ஃபார் தி டிலே', 'கம்ப்ளெயின் டு தெம் அபவுட் தி நாய்ஸ்', 'ஆர்க்யூ வித் ஹெர் அபவுட் மணி'. ஒன்றை மட்டும் சொல்லும்போது அதற்குரியதையே எடுங்கள். 'ஐ அபாலஜைஸ் ஃபார் யூ' என்றால் உங்கள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றுகூட ஆகிவிடும்.

அறிகுறி: நீங்கள் சரி என்கிறீர்கள், திருத்துகிறவர் தவறு என்கிறார்

இருவருமே சரியாக இருக்கலாம், நாடு வேறாக இருக்கும். அமெரிக்காவில் 'ரைட் மீ', 'ப்ரொடெஸ்ட் தி டிசிஷன்', 'அப்பீல் தி வெர்டிக்ட்' சாதாரணம். பிரிட்டிஷ் வழக்கில் 'ரைட் டு மீ', 'ப்ரொடெஸ்ட் அகென்ஸ்ட்', 'அப்பீல் அகென்ஸ்ட்'. 'கேட்டர்' என்பதற்கு பிரிட்டனில் பெரும்பாலும் 'ஃபார்', அமெரிக்காவில் 'டு'. எதிர்த்திசையிலும் உண்டு: 'தே அக்ரீட் எ பிரைஸ்' என்று 'ஆன்' இல்லாமல் எழுதுவது பிரிட்டனில் இயல்பு, அமெரிக்கக் கண்ணுக்கு அச்சுப்பிழை. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆவணம் முழுக்க அதையே வையுங்கள்.

இன்னும் தீராவிட்டால் எங்கே பார்ப்பது

பொது அகராதியை விட ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி இதற்கு உதவும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுக்கும் அப்படிப்பட்ட இணையப் பதிப்பு இருக்கிறது. பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். வினைக்குப் பக்கத்தில் சின்னதாக 'டி' என்ற ஆங்கில எழுத்தோ 'டிரான்ஸிடிவ்' என்றோ இருந்தால் பெயர் நேராக வரும், 'ஐ' என்ற ஆங்கில எழுத்தோ 'இன்டிரான்ஸிடிவ்' என்றோ இருந்தால் நேராக வராது, பாலம் வேண்டும். இரண்டும் இருந்தால் எந்தப் பொருளுக்கு எது என்று கீழே பிரித்திருப்பார்கள். தடித்த எழுத்தில் பிரிபொசிஷனோடு அச்சிட்டிருக்கும் வரிதான் நீங்கள் தேடி வந்தது.

தேடுபொறியில் மேற்கோள் குறிக்குள் இரண்டு வடிவத்தையும் போட்டு எண்ணிக்கையை ஒப்பிடுவதை நம்பவேண்டாம். அந்த எண்கள் தோராயமானவை. தவறான வடிவத்தை எடுத்துக்காட்டித் திருத்தும் பக்கங்களும் அதில் சேர்ந்துவிடும். பதிலாக, மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் தொகுத்து வைத்த கார்பஸ்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் வழக்குக்கு 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ், அமெரிக்க வழக்குக்கு 100 கோடிச் சொற்களைத் தாண்டிய கார்பஸ் ஆஃப் கன்டெம்பரரி அமெரிக்கன் இங்கிலிஷ். வினையைக் கொடுத்து அடுத்த இடத்தைக் காலியாக விட்டுத் தேடினால், அங்கே எவையெல்லாம் வருகின்றன என்று அடுக்கிக் காட்டும். 'டிஸ்கஸ்' போட்டால் 'அபவுட்' மிக அரிதாகவே தட்டுப்படும். 'சர்ச்' போட்டால் 'ஃபார்' இருப்பதும் இல்லாததும் இரண்டும் ஏராளமாக வரும். இப்படி இரண்டுமே நிறைய வந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்து வாக்கியங்களைத் திறந்து படியுங்கள். தேடப்படும் பொருள் எந்தப் பக்கம் நிற்கிறது, சோதனை போடப்படும் இடம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.